சமையலறை மூலை அலமாரி: எந்த வடிவம், என்ன அளவு, எப்படி முடிவு செய்வது

அம்மா வீட்டுச் சமையலறையில் மூலை அலமாரிக்கு 14 இன்ச் கதவு. பணியாரக் கல்லை எடுக்க வேண்டுமென்றால் அம்மா தரையில் உட்கார்ந்து, இடது தோளைக் கதவுச் சட்டத்தில் சாய்த்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவுவார். விரலில் குழி தட்டுப்பட்டால் பணியாரக் கல். வழவழவென்று இருந்தால் பழைய தோசைக்கல். அறுபது வயதுக்குப் பிறகு முட்டி மடங்க மறுத்தபோது அந்த வீட்டில் பணியாரம் சுடுவதே நின்றுபோயிற்று. கல் உள்ளேதான் இருந்தது.

அந்த அலமாரி சின்னது இல்லை. மூலைக்குள் மட்டும் 200 லிட்டர் இடம் இருந்தது, ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் அளவுக்கு. சின்னதாக இருந்தது அதன் வாய். கார்பென்டர் சுவரின் இரண்டு முனைகளிலிருந்தும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சியதை மூலைக்குக் கொடுத்துவிட்டார். பெரும்பாலான வீடுகளில் மூலை இப்படித்தான் வீணாகிறது. சமையலறை வரைந்து கொடுக்கும் வேலைக்கு நான் வந்த பிறகு, முதல் கோட்டை மூலையில்தான் போடுகிறேன். மற்ற பெட்டிகள் எல்லாம் அதற்கு அப்புறம்.

நம் ஊர் வீடுகளில், ஃபிளாட்டுகளில் புழங்கும் அளவுகளை வைத்தே இதை எழுதுகிறேன். எழுத்தில் மி.மீ., பேச்சில் இன்ச் என்பது கடைகளில் பழக்கம். ஆனால் ஒரே வரைபடத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். 36 இன்ச் என்பது 914 மி.மீ., 900 இல்லை. அந்த 14 மி.மீ. கடைசிக் கதவில் வந்து நிற்கும்.

அடிப்படை அளவுகள்

கீழ் அலமாரியின் பெட்டி ஆழம் 560 மி.மீ. அதன் முன்னால் 18 மி.மீ. கதவு. அதற்கு மேல் கிரானைட் கொஞ்சம் வெளியே நீண்டு, சுவரிலிருந்து மேடை விளிம்பு வரை 600 மி.மீ. ஆகிறது. உயரத்தில், கால்கள் 100, பெட்டி 720, கிரானைட் 20, மொத்தம் 840. வீட்டில் உயரமானவர்கள் சமைத்தால் கால்களை 150 ஆக்கலாம். பெட்டியை மாற்ற வேண்டாம். மேல் அலமாரியின் ஆழம் 300 முதல் 350, மேடையிலிருந்து அதன் அடிப்பாகத்துக்கு சுமார் 600 மி.மீ. இடைவெளி.

இந்த எண்களில் மூலைக்கு முக்கியமானது 560 மட்டும்தான். இனி வரும் கணக்குகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. உங்கள் பெட்டி 550 என்றால் 550 போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: அளவெடுப்பது

டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு அளவெடுங்கள். சிமென்டும் டைல்ஸும் சேர்ந்து ஒவ்வொரு சுவரிலும் 20 மி.மீ. அளவுக்குத் தின்றுவிடும். ஒரே சுவரை மூன்று உயரங்களில் அளக்க வேண்டும்: தரையை ஒட்டி, மேடை மட்டத்தில், மேல் அலமாரி வரும் இடத்தில். மூன்றும் ஒன்றாக இருக்கும் வீட்டை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். இருப்பதில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்ன மூலைமட்டம் இதற்குப் போதாது. மூலையிலிருந்து ஒரு சுவரில் 900, மறு சுவரில் 1200 என்று பென்சிலில் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே 1500 வர வேண்டும். மேஸ்திரிகள் 3, 4, 5 அடி என்று கயிறு பிடிப்பது இதே கணக்குதான். 1500-க்குப் பதில் 1490 வந்தால் மூலை குறுகியிருக்கிறது என்று பொருள். 10 மி.மீ. என்று அதை விட்டுவிடாதீர்கள். கோணத்தில் அது முக்கால் டிகிரி, 2400 மி.மீ. நீளச் சுவரின் மறு முனைக்குப் போகும்போது 33 மி.மீ. ஆகிவிடும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் ஒரு முனையில் கிரானைட்டுக்குப் பின்னால் விரல் நுழையும் சந்து தெரியும்.

மூலையில் தூண் துருத்திக்கொண்டிருந்தால் அதன் இரண்டு பக்கங்களையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். சிங்க் கழிவுக் குழாய் எங்கே வருகிறது, கேஸ் குழாய் எங்கே, பிளக் பாயின்ட் எங்கே என்பதும் அதே தாளில் இருக்கட்டும். மூலை அலமாரிக்குள் கழிவுக் குழாய் நுழைந்தால் சுழலும் தட்டு எதுவும் அங்கே சுழலாது. சுவரை உடைத்துக் குழாயை நகர்த்த வாய்ப்பு இருக்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும்.

படி 2: கையை அளப்பது

இதை யாரும் சொல்வதில்லை, நான் விடாமல் செய்கிறேன். ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து அதன் ஒரு பக்கத்தில் 350 மி.மீ. அகலத்துக்குத் திறப்பு வெட்டுங்கள். வீட்டில் தினமும் சமைப்பவரை அதன் முன்னால் உட்காரச் சொல்லி, உள்ளே ஒரு குக்கரை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு திறப்பை 450 ஆக்குங்கள். முதல் தடவை தோள் வெளியே நின்றுவிடும். இரண்டாவது தடவை தோளும் தலையும் சேர்ந்து உள்ளே போகும், கண் பொருளைப் பார்க்கும். அந்த 100 மி.மீ. செய்யும் வேலையை வார்த்தையில் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தவர்கள் 450-க்குக் குறைய ஒப்புக்கொள்வதில்லை.

படி 3: வடிவத்தைத் தேர்வு செய்வது

மறைவு மூலை என்பதுதான் அதிகம் காணப்படுவது. ஒரு சுவரின் பெட்டி மூலைக்குள் நேராக ஓடிவிடும். மறு சுவரின் பெட்டி அதன் முகத்தில் வந்து முட்டும். முட்டிய பகுதி மறைந்துபோக, மிஞ்சிய பகுதியில் மட்டும் கதவு. கடைகளில் இதற்கு 900, 1000, 1050 மி.மீ. அகலம் என்று சொல்வார்கள். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெட்டியின் அகலம் வேறு, அது சுவரில் பிடிக்கும் இடம் வேறு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மறு சுவரின் பெட்டி ஆழம் 560, அதன் கதவு 18, ஆக 580 மி.மீ. வரை மறைந்துவிடும். அதை ஒட்டி உடனே கதவு வைத்தால் திறக்கும்போது பக்கத்துக் கைப்பிடியில் இடிக்கும். அதனால் நடுவே இடைவெளியை அடைக்க 50 மி.மீ. ஃபில்லர் பட்டை வேண்டும். இப்போது 630. அதன் பிறகு 450 கதவு. மொத்தம் 1080. நீங்கள் 1000 பெட்டி வாங்கினாலும் 900 பெட்டி வாங்கினாலும், 450 கதவு வேண்டுமென்றால் சுவரில் 1080 போய்விடும். 1000 பெட்டியை மூலையிலிருந்து 80 மி.மீ. தள்ளி வைக்கிறோம், 900 பெட்டியை 180 தள்ளி வைக்கிறோம், வேறுபாடு அவ்வளவுதான். சுவரில் 980 மட்டுமே இருக்கிறது என்றால் கதவு 350 ஆகிவிடும். அம்மா வீட்டில் நடந்தது இதுதான்.

இதில் சாதாரணப் பலகைத் தட்டு மட்டும் போடுவதென்றால் கீலை மூலைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். மூலைப் பக்கம் வைத்தால் திறந்த கதவே உங்கள் கைக்கும் மறைந்த பகுதிக்கும் நடுவே நிற்கும்.

அடுத்தது எல் வடிவம். இரண்டு சுவரிலும் 900 மி.மீ. எடுத்துக்கொண்டு, இரண்டு கதவுகள் நடுவில் கீலால் சேர்ந்து ஒன்றாக மடங்கித் திறக்கும். 900-இல் 560 போனால் ஒவ்வொரு பக்கமும் 340 மி.மீ. வாய். கேட்க 340 குறைவாகத் தெரியும். ஆனால் இரண்டு கதவும் சேர்ந்து திறப்பதால் வாய் குறுக்காக விரிகிறது: 340-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 480 மி.மீ. இரண்டு கதவும் சேரும் இடத்திலிருந்து பின்மூலை வரை ஆழம் 790 மி.மீ.தான். இருட்டில் ஒளிந்துகொள்ளும் பகுதி எதுவும் இல்லை. குனிந்தால் எல்லாம் தெரியும். வெறும் பலகைத் தட்டு போட்டாலும் புழங்கலாம். இடம் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

800க்கு 800 போடலாமா என்று கேட்பார்கள். ஒவ்வொரு பக்கமும் 240 மிஞ்சும், குறுக்கே 340. மறுபடி அதே 14 இன்ச் கதைதான். 850 என்றால் குறுக்கே 410. ஒல்லியான கைக்குச் சரி, குக்கருக்குச் சிரமம். 900-க்குக் கீழே போகாமலிருப்பது நல்லது.

இரண்டு கதவையும் சேர்க்கும் கீல் தனி வகை, பெட்டியோடு சேர்க்கும் கீல் 165 டிகிரி திறப்பது. சாதாரண 110 டிகிரிக் கீலைப் போட்டுவிட்டு, கதவு பாதியில் நிற்கிறதே என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு கீல்களையும் கார்பென்டரோடு கடைக்குப் போய், சேர்த்து வாங்குங்கள்.

மூன்றாவது சாய்முகம். இதுவும் 900க்கு 900தான், ஆனால் முகம் 45 டிகிரியில் வெட்டப்பட்டு ஒரே கதவு. கதவு அகலம் அதே 480. படத்தில் அழகாக இருக்கும். கீழ் அலமாரிக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. சாய்ந்த முகத்தின் நடுவிலிருந்து பின்மூலைக்கு 1030 மி.மீ. ஆழம், கை எட்டாது. கிரானைட்டையும் சாய்வாக வெட்டி வெளியே நீட்ட வேண்டும், நிற்கும் இடம் குறையும். மேடை மூலையில் மிக்ஸி, கிரைண்டர் இரண்டையும் நிரந்தரமாக வைக்க அகலம் வேண்டும், அறையும் பெரியது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

மூலை இழுப்பறைகள் என்று ஒன்று உண்டு. அம்பு முனைபோல மடங்கிய முகத்தோடு இழுப்பறை வெளியே வரும். பார்க்க அருமை, செய்ய நேர்த்தியான கை வேண்டும். இரண்டு பக்கமும் சானலுக்கு, அதாவது இழுப்பறை ஓடும் தண்டவாளத்துக்கு, இடம் போவதால் உள்ளே கிடைக்கும் பரப்பு குறைவு.

கடைசியாக, மூலையை மூடிவிடுவது. இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். 6 அடிக்கு 8 அடி சமையலறையில் மூலைக்காக 1080 கொடுத்து, மற்ற பெட்டிகளை நெருக்குவதைவிட, 560க்கு 560 மூலையை அப்படியே அடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் 50 மி.மீ. ஃபில்லரோடு முழு ஆழ இழுப்பறைகள் போடுவது எவ்வளவோ மேல். தினமும் திறக்கும் இழுப்பறை, ஆண்டுக்கு இரண்டு தடவை திறக்கும் மூலையைவிட மதிப்பு மிக்கது. மேடை சாப்பாட்டு அறைப் பக்கம் திரும்பி, மூலைக்குப் பின்னால் சுவர் இல்லாமல் இருந்தால், அந்தப் பக்கத்திலிருந்து கதவு வைத்துத் திறந்துகொள்ளலாம்.

படி 4: மூலையிலிருந்து வரையுங்கள்

ஒரு சுவர் 2400, மறு சுவர் 3000 என்று வைத்துக்கொள்வோம். 8 அடிக்கு 10 அடி அறையில் பூச்சும் டைல்ஸும் போக ஏறக்குறைய இதுதான் மிஞ்சும்.

எல் வடிவம் போட்டால் 2400-இல் 1500 மிஞ்சுகிறது: சிங்குக்கு 900, பக்கத்தில் 600. 3000-இல் 2100 மிஞ்சுகிறது: அடுப்புக்கு 900, இரண்டு 600. கச்சிதம். மறைவு மூலையை நீளச் சுவரில் போட்டால் 1080 போக அங்கே 1920, சின்னச் சுவரில் மறைவு 580, ஃபில்லர் 50 போக 1770 மிஞ்சும். 1770 என்பது 900, 600, அப்புறம் 270. அந்த 270-இல் எண்ணெய் பாட்டில் இழுப்பான் போடலாம், வீணில்லை. ஆனால் 1920-இல் 900, 600 போக 420 மிஞ்சும். ஸ்டீல் கூடைகள் 15, 17, 19, 21 இன்ச் என்று வருவதால் எது பொருந்தும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

மொத்த நீளத்தில் மறைவு மூலை 1080, 630 என்று 1710 எடுக்கிறது. எல் வடிவம் 1800. வெறும் 90 மி.மீ. வேறுபாடு. "எல் வடிவம் இடத்தைத் தின்னும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிவதே இல்லை.

யு வடிவச் சமையலறையில் நடுச்சுவர் 2400 என்றால், இரண்டு மூலைக்கும் 900 போக நடுவில் சரியாக 600 மிஞ்சும். சன்னலுக்குக் கீழே ஒற்றைத் தொட்டி சிங்க் வைக்க அது போதும். நடுச்சுவர் 2100 மட்டுமே என்றால் ஒரு மூலையை எல் ஆக்கி, மற்றதை மூடிவிடுங்கள். இரண்டையும் காப்பாற்றப் போய் இரண்டும் கெட வேண்டாம்.

படி 5: உள்ளே என்ன போடுவது

சுழல் தட்டு, அதாவது கரோசல், மூன்று வகை. முழு வட்டம் சாய்முக அலமாரிக்கு. முக்கால் வட்டம் 900 எல் வடிவத்துக்கு. அரை வட்டம் மறைவு மூலைக்கு, கதவு பக்கம் பாதி வெளியே வரும். வட்டம் எப்போதும் சதுரத்தின் மூலையை விட்டுவிடும், அந்த இடம் போனதுதான். ஆனால் மூலையில் 6 இன்ச் தூண் துருத்திக்கொண்டிருக்கும் வீடுகளில் இதுவே வசதி: தட்டு போகாத இடத்தில்தான் தூண் நிற்கிறது.

மறைவு மூலைக்கு இன்னும் இரண்டு உண்டு. ஒன்று மேஜிக் கார்னர்: கதவை இழுத்தால் முன்கூடைகள் வெளியே வரும், பின்கூடைகள் அந்த இடத்துக்கு நகர்ந்து வரும். இன்னொன்று சிறுநீரக வடிவத் தட்டு. லெமான்ஸ் என்ற பெயரில் கெஸ்ஸபோமர் நிறுவனம் செய்வது பிரபலம், அதைப் பார்த்து வந்தவையும் உண்டு. தட்டு முழுதாக வெளியே சுழன்று வந்து கையில் நிற்கும். இரண்டுக்கும் பெரும்பாலும் 450 கதவு வேண்டும், பெட்டி 900 முதல் 1000. இடது, வலது என்று தனித்தனியாக வரும். ஒரு கடையில் மறைந்த பக்கத்தை வைத்து இடது என்பார்கள், இன்னொரு கடையில் கீல் பக்கத்தை வைத்து. வாயால் சொல்லி ஆர்டர் செய்யாமல், வரைந்து, மறைந்த பக்கத்தைக் கோடு போட்டுக் காட்டி அனுப்புங்கள். தப்பாக வந்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்க ஒரு மாதம் அலைந்த குடும்பத்தை நான் அறிவேன். கிரானைட் வேலை அதுவரை நின்றது.

எதை வாங்கினாலும் எடை தாங்கும் அளவைப் பெட்டியில் படித்துப் பாருங்கள். டேபிள்டாப் கிரைண்டர், 26 கிலோ அரிசி மூட்டை ஆகியவை சுழலும் தட்டில் ஏறக் கூடாது. அவை தரைத் தட்டில், அசையாத பலகையில் இருக்க வேண்டியவை. சிலிண்டரையும் மூலைக்குள் தள்ளாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி, காற்றோட்டம் இல்லாத அந்த மூலையிலேயே தங்கிவிடும்.

மேல் அலமாரி

இங்கே கணக்கு எளிது. ஆழம் 300தான் என்பதால், 18 மி.மீ. கதவைச் சேர்த்தாலும் மறைவது 320தான். மறைவு மூலைக்கு 50 ஃபில்லரோடு 400 கதவு வைத்தால் சுவரில் 770 பிடிக்கும், கை தாராளமாக எட்டும். செலவும் குறைவு. சாய்முகம் என்றால் 600க்கு 600, கதவு 424 மி.மீ. பெட்டி ஆழம் 350 என்றால் 650க்கு 650 எடுங்கள், அதே கதவு அகலம் கிடைக்கும். கீழே வேண்டாம் என்று சொன்ன சாய்முகத்தை மேலே நான் மறுக்க மாட்டேன். முகத்தின் நடு சுவர்களிலிருந்து 450தான் வெளியே வருகிறது, மேடை 600, ஆகவே தலை இடிக்காது. ஆனால் பின்மூலை 640 மி.மீ. உள்ளே இருக்கும், மேல் தட்டில் பின்னால் வைத்ததை ஸ்டூல் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கடப்பாக்கல் மேடை உள்ளவர்களுக்கு

நம் ஊரில் இன்னும் நிறைய வீடுகளில் மேஸ்திரிதான் மேடை கட்டுகிறார்: கடப்பாக்கல்லை நிறுத்தி, தட்டும் கல்லிலேயே போட்டு, மேலே கிரானைட். கதவு பின்னால் வரும். இதில் மூலையின் தலைவிதி கல் நிறுத்தும் அன்றைக்கே முடிவாகிவிடும். நிற்கும் கல் மூலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் வாய் சுருங்கிப்போகும், பிறகு யாராலும் அகலப்படுத்த முடியாது. மூலையிலிருந்து இரண்டு சுவரிலும் 900 மி.மீ. வரை நிற்கும் கல் எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். உள்மூலையில், இரண்டு மேடைகளும் சேரும் இடத்தில், கிரானைட்டைத் தாங்க ஒரு இரும்புச் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். மூலையின் நடுத்தட்டை மட்டும் கல்லில் போடாமல் விட்டுவிட்டால், பிறகு பிளைவுட்டிலோ சுழல் தட்டிலோ விருப்பப்படி செய்துகொள்ளலாம்.

பக்கத்தில் வரக் கூடாதவை

அடுப்பை மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். மேடையின் உள்மூலைக்கும் அடுப்புக்கும் நடுவே 300 மி.மீ. இருந்தால் வாணலிக் கைப்பிடி சுவரில் இடிக்காது, பக்கத்தில் ஒருவர் நின்று நறுக்கலாம். சிங்குக்கும் அப்படியே. டிஷ்வாஷரை மூலைக்கு அடுத்துப் போட்டால், அதன் கதவு கீழே சாயும்போது மறு பக்க இழுப்பறைகள் எல்லாம் அடைபட்டுவிடும். நடுவில் ஒரு பெட்டியாவது வேண்டும்.

படி 6: வெட்டுவதும் பூட்டுவதும்

தண்ணீர் புழங்கும் இடம் என்பதால் ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) உள்ள பிளைவுட் கேளுங்கள். 8க்கு 4 அடிப் பலகையில் 900க்கு 900 துண்டு இரண்டுதான் வரும்: அடிப்பலகை ஒன்று, தட்டு ஒன்று. எல் வடிவத்தை இரண்டு துண்டாக ஒட்டிச் செய்தால் பலகை மிச்சமாகும் என்பார்கள். அடிப்பலகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்; ஒட்டு வரும் இடத்தில்தான் அண்டாவும் குக்கரும் உட்காரும். பக்கத்தில் மிஞ்சும் 320 மி.மீ. பட்டை இழுப்பறைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் உதவும், வீணாகாது.

பெட்டியைப் பட்டறையில் முழுதாகச் சேர்த்துக் கொண்டுவந்தால் சமையலறை வாசலில் மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் சாய்த்தாலும் 720 மி.மீ. வேண்டும். துண்டுகளாகக் கொண்டுவந்து மூலையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். உள்மூலைக்கும் பின்மூலைக்கும் அடியில் தனித்தனியாக ஒரு கால் இருக்கட்டும். கிரானைட்டின் எடை உள்மூலையில்தான் அழுத்தும். ரசமட்டத்தை இரண்டு பக்கமும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள்.

கிரானைட் ஏறுவதற்கு முன்பே சுழல் தட்டையோ கூடைகளையோ பூட்டி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். மேலே திறந்திருக்கும்போது இரண்டு கை உள்ளே போகும், ஸ்க்ரூ நேராக இறங்கும். கதவையும் தொங்கவிட்டு, பக்கத்து இழுப்பறைகளை இழுத்துப் பிடித்தபடி, மூலைக் கதவைத் திறந்து மூடுங்கள். பிறகு வீட்டில் இருப்பதிலேயே பெரிய குக்கரைக் கொண்டுவந்து, தினமும் சமைப்பவர் கையாலேயே உள்ளே வைத்து எடுக்கச் சொல்லுங்கள். எங்காவது உரசினால், அன்றைக்கே கார்பென்டர் கதவைக் கழற்றி இழைத்துக் கொடுத்துவிடுவார். அது முடிந்ததும் கல்லுக்குச் சொல்லி அனுப்பலாம்.